பங்கஜாட்சி கொடுக்காத மண்

பங்கஜாட்சிக்கு ஐம்பத்தெட்டு வயது. அதில் பாதியை அவள் ஊரார் கையெழுத்து வாங்குவதிலேயே கழித்தாள் என்றால் மிகையில்லை. குடிநீர்க் குழாய் வேண்டும் என்று, தெருவிளக்கு வேண்டும் என்று, ரேஷன் கடையை மாற்றக் கூடாது என்று, பிறகு மாற்றியே ஆகவேண்டும் என்று, பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் நடுவில் கிடக்கும் புளியறவிளையில் அவள் நீட்டிய தாளில் கையெழுத்துப் போடாத ஆள் கிடையாது. படித்துப் பார்த்துப் போட்டவர்களும் அதிகம் கிடையாது. பங்கஜம் கொண்டு வந்தால் சரியாகத்தான் இருக்கும் என்பது ஊரின் கணக்கு.

அந்தப் பெயர் சும்மா வரவில்லை. அவளுக்கு முப்பத்தொரு வயதில் கணவன் செத்துப்போனான். கைக்குழந்தையாக இருந்த அஸ்வதியை இடுப்பில் வைத்துக்கொண்டு அண்டி ஆபீஸ் என்கிற முந்திரி ஆலையில் பருப்பு தொலித்தாள். பிறகு தொழிலுறுதி என்னும் நூறு நாள் வேலைத் திட்டத்தில் மண் வெட்டி, வேலைக்கு ஆள் கூட்டும் மேட் ஆனாள். மகளை நர்சுக்குப் படிக்க வைத்தாள். வீட்டைச் சுற்றி ஒரு மதிலும் கட்டி முடித்தாள். தன் பெயரில் கடன் எடுத்து, தானே சிமெண்டு சுமந்து கட்டிய மதில். அதற்கு நீல வண்ணம் அடித்த அன்று வழியின் அந்தப் பக்கம் போய் நின்று அரைமணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வழி என்று சொன்னால் அன்று அது ஐந்தடி ஒற்றையடிப் பாதை. எதிர்வரிசையில் நாலு வீடு தள்ளி இருக்கும் சரோஜத்தின் கணவன் பொன்னப்பனுக்கு நெஞ்சு வலித்தபோது, பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து நாலு பேர் மெயின் ரோடு வரைக்கும் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். ஆள் பிழைத்தது தெய்வாதீனம். மறுவாரமே பங்கஜாட்சி தாளும் பேனாவுமாக இறங்கிவிட்டாள். இரண்டு பக்கமும் ஆளுக்கு ஆறடி விட்டால் ஆம்புலன்சு வாசலுக்கு வரும். இருபத்திரண்டு வீட்டிலும் ஏறி இறங்கினாள். எங்கள் பக்கத்தில் வழிக்கு மண் கொடுப்பதற்குக் காசு கேட்பதில்லை. கேட்டால் மரியாதை போய்விடும். சரோஜம் எட்டடி கொடுத்தாள். முற்றத்தில் காய்த்து நின்ற வரிக்கைப் பிலா மரத்தை வெட்டிவிட்டுக் கொடுத்தாள்.

நூல் பிடித்து அடையாளக் கல் போட்டது பங்கஜாட்சிதான். தார் போட்ட அன்று வார்டு மெம்பர் மைக்கில் பேசி அவளுக்குப் பொன்னாடை போர்த்தினார். இதெல்லாம் நடந்து நாலு வருடம் ஆகிறது.

போன வருடம் வீடுகளை அளந்து வரி மதிப்பைப் புதுப்பிக்கப் பஞ்சாயத்திலிருந்து லிஜா என்ற பெண் போனும் கையுமாக வந்தாள்.

"அம்மா, இந்த வழி எத்தறை அகலம் வரும்?" என்று கேட்டாள்.

ஒரு சராசரி மனுஷி "எனக்குத் தெரியாது மக்கா" என்று சொல்லிவிட்டு அடுக்களைக்குப் போயிருப்பாள். பங்கஜாட்சியால் அது முடியுமா?

"வாயால சொன்னா நீ நம்புவியா? வா, அளந்து காட்டுகேன். நாங்க சொந்த மண்ணைத் தந்து உண்டாக்கின வழியாக்கும்!"

நாலு வீடு தாண்டிச் சரோஜத்தின் வாசலுக்குக் கூட்டிப்போய், டேப்பின் ஒரு முனையைத் தானே பிடித்தாள். ஐந்து மீட்டர் எண்பது. லிஜா அதையே இருபத்திரண்டு வீட்டுக்கும் எழுதிக்கொண்டு போனாள். பங்கஜாட்சிக்கு அன்று சாப்பாடே ருசியாக இருந்தது.

இந்த வருடம் ஜங்ஷனில் ஒருவழிப் பாதை வந்தது. காட்டாக்கடைப் பக்கம் போகிற கார், பள்ளிக்கூட வேன், பிக்கப் எல்லாம் இந்த வழியே திரும்பின. டிப்பர்காரர்கள் மட்டும் வந்து எட்டிப்பார்த்துவிட்டு, பங்கஜாட்சி வீட்டு வளைவைக் கண்டு பின்வாங்கினார்கள். பொன்னப்பன் தடியை ஊன்றிக்கொண்டு எதிர்ப்பக்கத்துக் கடைக்குப் போகப் பத்து நிமிடம் நிற்க வேண்டியதாயிற்று. அதே மாதம் வீட்டுக்கரத்தை, அதாவது வீட்டு வரியை, கூட்டி நோட்டீசும் வந்தது. மண்ணையும் கொடுத்து, புகையையும் குடித்து, கரமும் கூடுதலாகக் கட்டுவதா என்று வழி முழுக்க ஒரே பேச்சு. சரோஜம் பேசவில்லை. பங்கஜாட்சியைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போனாள். வைதிருந்தால்கூடப் பங்கஜாட்சி தாங்கியிருப்பாள், இதைத் தாங்க முடியவில்லை.

எல்லார் நோட்டீசையும் சேர்த்து எடுத்துக்கொண்டு பஞ்சாயத்துக்குப் போனாள். கிளார்க்கு கம்ப்யூட்டரைத் திறந்து பார்த்தான்.

"சேச்சி, வண்டி ஓடுகதுக்கும் கரத்துக்கும் ஒரு பெந்தமும் இல்ல. வழி அஞ்சு மீட்டருக்கு மேல அகலம்னு எழுதியிருக்கு. அதாக்கும் கூடினது. ஆரு அளந்து காட்டினது?"

பங்கஜாட்சி மேசைமேல் இருந்த நோட்டீசுகளை அடுக்கிச் சரிசெய்தாள்.

"ரொம்பக் குறுகின இடத்தை வெச்சாக்கும் எழுதணும். அங்கன ஒரு இடம் உண்டுன்னா முப்பது நாளைக்குள்ள ஆட்சேபம் எழுதித் தாங்க. ஆளு வந்து பின்னயும் அளக்கும்."

அப்படி ஒரு இடம் உண்டு. அது அவள் வீட்டு வாசல்தான். ஆறடி விட்டால் நீல மதில் போய்விடும். நூல் பிடித்த அன்று மனம் கேட்கவில்லை. எல்லாரும் சாயா குடிக்கப் போன நேரத்தில் கல்லை இரண்டடி வழிப்பக்கமாகத் தள்ளி வைத்துவிட்டாள். வளைவானதால் குறுகித் தெரிகிறது என்று கேட்காதவர்களுக்கும் சொன்னாள். நாளாக ஆகத் தானே அதை நம்பியும் விட்டாள். இப்போது ஆட்சேபம் எழுதினால், ஊரை ஆறடி விட வைத்தவள் ஆறடி விடவில்லை என்று இருபத்திரண்டு வீட்டுக்கும் முன்னால் டேப் வைத்துக் காட்ட வேண்டும். எழுதாவிட்டால் அத்தனை பேரும் ஆயுசுக்கும் கூடுதல் கரம் கட்ட வேண்டும்.

இருபத்தாறு நாள் வாயைத் திறக்காமல் இருந்தாள். கையெழுத்து வாங்கப் போகும்போது ஒரு வீட்டு வாசலில்கூடத் தயங்காதவள், இருபத்தேழாம் நாள் காலையில் சரோஜத்தின் வாசலில் கால் வராமல் நின்றாள். சரோஜம் மரச்சீனிக் கிழங்கு தோல் உரித்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"அக்கா, கரம் கூடினதுக்கு நானாக்கும் காரணம்," என்றாள் பங்கஜாட்சி. "லிஜாவைக் கூட்டிட்டு வந்து உங்க வாசல்ல அளந்து காட்டினது நான். குறுகின இடம் எனக்க வாசலாக்கும். அன்னைக்குக் கல்லைத் தள்ளி வெச்சேன். ரெண்டடி பிடிச்சு வெச்சுக்கிட்டேன்."

"ரெண்டு இல்ல," என்றாள் சரோஜம். "ரெண்டரை."

சரோஜம் உள்ளே இருந்த பொன்னப்பனின் பக்கம் கத்தியைக் காட்டினாள்.

"இங்க உள்ள ஆளு அன்னைக்கே அளந்து பாத்தாரு. இந்த வழியில அறியாத்தது ஆரு? அடுத்த வீட்டு ஜாய்க்குத் தெரியும். கடைசி வீட்டு ஷியாமளாவுக்குத் தெரியும்."

"பின்ன ஏன் அக்கா ஒரு வார்த்தை கேக்கல்ல?"

"கேட்டிருந்தா வழி வந்திருக்குமா? நீ பிடிச்சு வெச்சேன்னு தெரிஞ்சா ஆளாளுக்குப் பிடிச்சு வெச்சிருப்பாங்க. எனக்கு ஆளை நாற்காலியில தூக்கினதே மதியாயிட்டு, போதும் மக்கா. வழி வரட்டுன்னு வாயை மூடினேன்." சரோஜம் கத்தியைக் கீழே வைத்தாள். "பொன்னாடை போட்டப்பம் நீயே சொல்லுவேன்னு நினைச்சேன். நோட்டீசு வந்தப்பமாவது சொல்லுவேன்னு நினைச்சேன். நாலு வருஷமா நினைச்சிட்டுத்தான் இருக்கேன்."

அன்று மதியமே பங்கஜாட்சி ஆட்சேபம் எழுதினாள். இருபத்திரண்டு வீட்டிலும் ஏறிக் கையெழுத்து வாங்கினாள். ஒவ்வொரு வீட்டிலும் விஷயத்தைச் சொல்லிவிட்டுத்தான் தாளை நீட்டினாள். யாரும் ஆச்சரியப்படவில்லை என்பதுதான் அவளைக் கொன்றது. ஆட்டோ ஓட்டும் ஜாய் மட்டும் சிரித்துவிட்டு, "நல்ல காலம் சேச்சி, நீங்க பிசுக்கி மண்ணு விடாததுனால நாங்க பிழைச்சோம்," என்றான். ஆள் வந்து அளந்தபோது நாலு மீட்டர் நாற்பது. கரம் குறைந்தது.

மறுநாள் விடியும்போதே பங்கஜாட்சி கொத்தனாரைக் கூட்டி வந்துவிட்டாள். மதிலை இடித்துப் பின்னால் தள்ளிக் கட்ட வேண்டும். யார் சொல்லியும் கேட்பதாக இல்லை. கொத்தனார் கம்பிப்பாரையை எடுத்தபோது சரோஜம் மூன்று காருக்கும் ஒரு வேனுக்கும் வழிவிட்டு, வழியைக் கடந்து வந்தாள்.

"என்னது இது?"

"தர வேண்டியதைத் தந்துடுகேன் அக்கா. அந்த ரெண்டரை அடியையும் விட்டுத் தாறேன்."

"உனக்குக் கிறுக்கா? இடிச்சா வழி அஞ்சு மீட்டரைத் தாண்டும். எல்லாருக்கும் பின்னயும் கரம் ஏறும். இந்த வளைவைக் கண்டாக்கும் டிப்பரு திரும்பிப் போவுது. நீ இதை இடிச்சா அதும் எனக்க வாசல் வழியே வரும்."

"பின்ன நான் என்னதான் செய்ய?"

"ஒண்ணும் செய்யாண்டாம். அது அங்கனயே நிக்கட்டு."

கொத்தனார் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் கம்பிப்பாரையைச் சைக்கிளில் கட்டினார். சரோஜம் மறுபடி வண்டிகளுக்காகக் காத்து நின்று, தன் வீட்டுக்குப் போனாள். பங்கஜாட்சி மதிலோரமே நின்றாள். நாலு வருடமாகக் கொடுக்க மனம் வராத மண்ணை, மனம் வந்த அன்றைக்கு வாங்கிக்கொள்ள ஊரில் ஆள் இல்லை.