அம்மா போய்வந்த நீச்சல் குளம்

என் அம்மா எனக்குத் தெரியாமல் நீச்சல் குளத்துக்குப் போய்வருகிறாள் என்பதை நான் நாலாம் வகுப்பில் கண்டுபிடித்தேன். யாரும் வந்து சொல்லவில்லை. மோப்பம் பிடித்தே கண்டுபிடித்தேன்.

அந்த வருஷம் எங்கள் பள்ளியில் பிள்ளைகளை நீச்சல் பழக அழைத்துப் போனார்கள். நான் போனது ஒரே ஒரு நாள்தான். சிவந்த கண்ணும் ஈரத் தலையுமாகத் துள்ளிக்கொண்டு வீட்டுக்குள் நுழைந்தவளை அம்மா கிட்ட இழுத்து மோந்து பார்த்தாள். அவள் முகமே மாறிவிட்டது.

"ஏட்டி, என்னத்தத் தொட்ட? எங்கட்டி போயிட்டு வார?"

நீச்சல் குளம் என்று சொல்லியும் விடவில்லை. குழாயடியில் உட்காரவைத்துக் கண்ணில் தண்ணீரை அடித்து அடித்துக் கழுவினாள். "நீச்சலும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம்" என்று அதோடு முடித்துவிட்டாள். நான் அழுத அழுகையில் பக்கத்து வீட்டு மலையாளத்துச் சேச்சி வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

அந்தக் கோபத்தில்தான் என் மூக்குக்குப் புத்தி வந்தது. தம்பானூர் லாட்ஜில் வேலை முடிந்து வரும் அம்மாவின் மேல் அதே குளத்து வாசனை! கண் இரண்டும் சிவப்பு. தலை ஈரம். போதாததற்கு அவளுடைய நீலச் சேலையில் அங்கங்கே சாயம் போய் வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள். குளத்துத் தண்ணீர் பட்டால் துணி வெளுக்கும் என்று கூடப் படித்தவள் ஒருத்தி சொல்லியிருந்தாள். லாட்ஜில் பாத்ரூம் கழுவுகிற வேலை என்று அம்மா சொல்வாள். நானா நம்புவேன்? பாத்ரூம் கழுவுகிறவர்களுக்குக் கண் ஏன் சிவக்க வேண்டும்? அடிக்கடி இருமுவாளே, அதுவும் குளத்துத் தண்ணீரைக் குடித்துவிட்டதால்தான். எனக்கும் அன்றைக்கு அப்படித்தான் புரையேறியது.

ஓட்டலில் பரோட்டா போடும் அப்பாவிடம் முறையிட்டேன். "உங்க அம்மைக்கு நீச்சலா? வாளித் தண்ணியில வேணா நீந்துவா" என்று சிரித்தார். சரிதான், இவரும் கூட்டுக்களவாணி என்று முடிவு செய்தேன். அன்றிலிருந்து என் புத்தகப் பையில் ஒரு துண்டும் மாற்றுடுப்பும் தயாராக இருந்தன.

ஒரு நாள் மாணவர் சமரம், அதாவது ஸ்டிரைக், என்று காலையிலேயே பள்ளியை விட்டுவிட்டார்கள். எங்கள் ஊரில் அடிக்கடி வாய்க்கும் பாக்கியம் இது. பள்ளி இருந்த கிழக்கேகோட்டையிலிருந்து நேரே தம்பானூருக்கு நடையைக் கட்டினேன். லாட்ஜில் சாவி கொடுப்பவர், "அம்ம மேலே உண்டு மோளே" என்றார். மாடி ஏற ஏற வாசனை கூடிக்கொண்டே வந்தது. எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

ஓர் அறை திறந்து கிடந்தது. அதன் பாத்ரூம் கதவு ஒருக்களித்திருந்தது. தள்ளினேன். சேலைத் தலைப்பால் வாயைக் கட்டிக்கொண்டு அம்மா குத்தவைத்துத் தரையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஒரு வாளி. மிளகாய் வறுத்த நெடி ஏறியதுபோல் எனக்கு மூக்கு சுரீர் என்றது. அம்மா திரும்பிப் பார்த்தாள். அவ்வளவுதான், என் நெஞ்சில் கைவைத்து ஒரே தள்ளு. நான் கட்டிலடியில் போய் விழுந்தேன். கதவு படாரென்று சாத்திக்கொண்டது.

உள்ளே மடமடவென்று தண்ணீர் கொட்டும் சத்தம். எனக்கு இனிச் சந்தேகமே இல்லை. பள்ளியிலிருந்து போன குளத்திலும் முதலில் கால் கழுவ இப்படி ஓர் இடம் இருந்தது. அதைத் தாண்டித்தான் குளம். அதைக் காட்டக்கூடாது என்றுதானே என்னைத் தள்ளிவிட்டாள்!

வெளியே வந்தவள் பேச முடியாமல் இருமினாள். என்னைத் தரதரவென்று மொட்டைமாடிக்கு இழுத்துப் போனாள். "மூச்சு விடு. நல்லா இழுத்து விடு மக்களே" என்று கெஞ்சினாள். நான் பையைத் திறந்து துண்டை எடுத்துக் காட்டினேன்.

"குளம் எங்கம்மா? நானும் வாறேன்."

அம்மாவுக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. விளங்கியதும் சிரித்தாள். அந்தச் சிரிப்பு இருமலாகி, தண்ணீர்த் தொட்டியைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

ஒன்பதாம் வகுப்பில்தான் டீச்சர் எனக்குக் குளோரினை முறைப்படி அறிமுகம் செய்துவைத்தார். ப்ளீச்சிங் பவுடர் காரக் குணம் உள்ளது. சும்மா இருக்கும்வரை குளோரினைத் தனக்குள் அடக்கி வைத்திருக்கும். அதன்மேல் அமிலம் பட்டால் போதும், குளோரின் வாயுவாகக் கிளம்பி நுரையீரலைத் தின்னும். "அடச்சிட்ட பாத்ரூமில் இது ரெண்டும் கூட்டிக் கலர்த்தருது, கேட்டோ" என்று, இரண்டையும் கலக்கவே கூடாதென எச்சரித்தார். குளத்தில் கிருமியைக் கொல்லக் கொஞ்சமாகப் போடுவதும் இதே குளோரின்தான் என்றார். லாட்ஜில் அடுத்த ஆள் அறைக்கு வருவதற்குள் கறை போக வேண்டும். ஆசிடையும் பவுடரையும் ஒரே வாளியில் கலந்தால் சட்டென்று போகும் என்று கூட வேலைசெய்தவர்கள் அம்மாவுக்குப் பழக்கிவிட்டிருந்தார்கள். நான் வீட்டுக்கு ஓடிப்போய்ப் பாடத்தை ஒப்பித்தேன். "அது பேரு குளோரினா?" என்று கேட்டாள். "பேருதான் தெரியாது. ஆளத் தெரியும்." இன்றைக்கும் அவளால் ஒரே மூச்சில் மாடி ஏற முடியாது.

ஆனால் அந்த நாலாம் வகுப்புக்காரிக்கு இதெல்லாம் எங்கே தெரியும்? அன்று அம்மா பாதி வேலையில் சொல்லிக்கொண்டு கிளம்பிவிட்டாள். பஸ்ஸில் அவ்வளவு பெரிய பிள்ளையை மடியில் உட்காரவைத்து, முதுகில் காதை வைத்துக் கேட்டுக்கொண்டே வந்தாள். எனக்கு உடனே பிடிபட்டுவிட்டது. மூச்சை நன்றாக அடக்குகிறவர்களுக்குத்தான் நீச்சல் வரும் என்று குளத்தில் மாஸ்டர் சொல்லியிருந்தார். அம்மா என்னைச் சோதிக்கிறாள்! கன்னத்தை உப்பி, கண்ணை இறுக மூடி, மூச்சை அடக்கினேன்.

"ஐயோ, வண்டிய நிறுத்துங்க! எம்பிள்ள மூச்சு விட மாட்டேங்கா!"

பஸ்ஸே எழுந்து நின்றுவிட்டது. நான் 'புஸ்' என்று மூச்சை விட்டு வெற்றியோடு திரும்பிப் பார்த்தேன். அம்மா என் முதுகில் நாலு வைத்தாள். பிறகு இறுகக் கட்டிக்கொண்டு, அத்தனை பேர் பார்க்க ஓவென்று அழுதாள். இவ்வளவு நன்றாக மூச்சை அடக்கிக் காட்டியும் என்னை ஏன் நீச்சலுக்கு அனுப்பமாட்டேன் என்கிறாள் என்பதுதான் எனக்குக் கடைசிவரை புரியவில்லை.