பாலைவனப் பெட்டிக்குள் ஓர் எலுமிச்சம்பழம்

போன வாரம் பிரிக்பீல்ட்ஸில் மதியச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது போனில் ஒரு மெசேஜ். ஆஸ்திரேலியாவிலிருந்து. பெட்டிக்குள் பழம் வைத்தது நீங்களா என்று ஒருவர் கேட்டிருந்தார்.

பழமா?

மார்ச்சில் அம்மாவைக் கூட்டிக்கொண்டு ஆஸ்திரேலியா போயிருந்தேன். அங்கே ஜியோகேச்சிங் என்று ஒரு விளையாட்டு. யாராவது சாலையோரத்தில் சின்னப் பெட்டியை ஒளித்துவைத்து, இடத்தை ஆப்பில் போட்டுவிடுவார்கள். போகிறவர்கள் ஜிபிஎஸ் பார்த்துத் தேட வேண்டும். கிடைத்தால் பெட்டியில் உள்ள தாளிலும் ஆப்பிலும் பெயர் எழுதலாம். உள்ளிருந்து ஒன்றை எடுத்தால், பதிலுக்கு ஒன்றை வைக்க வேண்டும். ஆளே இல்லாத நெடுஞ்சாலையில் தூங்காமல் கார் ஓட்ட நல்ல வழி.

நாங்கள் போனது ஸ்டூவர்ட் ஹைவே. அந்தக் கண்டத்தைத் தெற்கிலிருந்து வடக்குவரை கடந்த ஒருவரின் பெயர் அது என்று அம்மாவுக்கு விளக்கினேன். எங்கள் வீட்டில் முதலில் படித்தவள் நான்... விளக்காமல் இருக்க முடியுமா? அம்மா செம்மண் வெளியைப் பார்த்துக்கொண்டே, "பாவம், குடிக்கத் தண்ணி கெடச்சுச்சா அவருக்கு?" என்று மட்டும் கேட்டார்.

கற்குவியலுக்கு அடியில் பெட்டியைக் கண்டுபிடித்தது அம்மாதான். முகமெல்லாம் சிரிப்பு. கங்காரு சாவிக்கொத்து ஒன்றை எடுத்துக்கொண்டார். நான் பெயர் எழுதிவிட்டுப் போட்டோ எடுக்கப் போய்விட்டேன்.

பதிலுக்கு அவர் வைத்தது குங்குமம் தடவிய எலுமிச்சம்பழம். வாடகைக் காரின் டயருக்கு அடியில் வைக்க வாங்கியதில் மிச்சம். எங்கள் ஊர் கிள்ளானில் புதுக் கார் எடுத்தால் செய்வோமே, அதேதான்.

பெட்டியில் தின்பண்டம், பழம் எதுவும் வைக்கக் கூடாது என்பது விதி. வாசனைக்கு எலி வரும். ஆப்பில் ஆங்கிலத்தில் இருந்தது. படித்தவள் நான் — அதை மட்டும் அம்மாவிடம் சொல்லவில்லை.

எலிகள் பெட்டியைக் கடித்துக் குதறிவிட்டன. வழியில் போன யாரோ படம் பிடித்துப் பெட்டிக்காரருக்கு அனுப்பியிருக்கிறார். அதை அவர் எனக்கும் அனுப்பியிருந்தார்; குங்குமத்தைப் பார்த்ததும் அம்மாவின் வேலை என்று புரிந்துவிட்டது. ஆப்பில் கடைசிப் பெயர் என்னுடையது.

அம்மா வேண்டிக்கொண்டு வைத்தது என்று எழுதி மன்னிப்புக் கேட்டேன். புதுப் பெட்டி அனுப்புவதாகவும் சொன்னேன். வேண்டாம் என்றார். மனைவியோடு போய் வைத்த பெட்டியாம். மனைவி இப்போது இல்லை. அவ்வளவு தூரம் ஓட்ட இவருக்குக் கண் தெரிவதில்லை. ஆப்பிலிருந்து அந்த இடத்தையே எடுத்துவிட்டார்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் அம்மா டிவியை அணைத்தார்.

"அவ்ளோ நீளமான ரோடு, ஒரு சாமி கூட இல்லியேம்மா. போறவங்க நல்லபடியா போகட்டும்னுதான் வச்சேன்."

"தெரியும்மா."

"அவரு ரொம்பத் திட்டினாரா?"

"இல்லம்மா. எங்க ரோட்டுக்காக வேண்டிக்கிட்ட உங்க அம்மாவுக்கு நன்றி சொல்லுங்கன்னு எழுதியிருக்காரு."

அம்மா கங்காரு சாவிக்கொத்தை எடுத்து மேசைமேல் வைத்தார். பிறகு, "ரெண்டு வார்த்த திட்டியிருக்கலாம்லா" என்றார்.

கோபித்துக்கொண்டவரைச் சமாதானப்படுத்தலாம்... மன்னித்துவிட்டவரை என்ன செய்வது?