மடித்ததை மடிக்கும் அத்தான்

என் அக்கா புருஷனைப் பற்றி ஒரே வரியில் சொல்லச் சொன்னால், அடுத்தவன் மடித்த துணியைப் பிரித்து மறுபடி மடிக்கிற மனுஷன் என்பேன். வீட்டில் அக்கா அடுக்கிய அலமாரியைக் கலைத்து அடுக்குவார். அதோடு விட்டிருந்தால் எனக்கென்ன வந்தது? நானும் அவரும் ஒரே ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் அல்லவா வேலை பார்க்கிறோம்!

சலவைக்கூடம் தரைக்குக் கீழே இருக்கிறது. ஜன்னல் கிடையாது. ஐந்து மாடியிலிருந்தும் அழுக்கு மூட்டை வரும். துவைத்து, காயவைத்து, ஆள் நீள இஸ்திரி உருளையில் விட்டு, மடித்து, வண்டியில் அடுக்கி லிஃப்டுக்குள் தள்ளிவிடுவோம். அப்புறம் அது வார்டு ஆட்கள் பாடு. எங்களில் யாரும் மேலே போனதில்லை. அத்தான் இருபத்திரண்டு வருஷமாகப் போனதில்லை.

அவர் பெட்ஷீட் மடித்தால் நான்கு மூலையும் ஒன்றின்மேல் ஒன்று அப்படியே உட்காரும். அதைக் குறை சொல்ல என்னாலேயே முடியாது. அந்த அழகைப் பார்த்துத்தான் மேனேஜர் அவரை சூப்பர்வைசர் ஆக்கினார். எங்களுக்குப் பிடித்தது சனி.

முதல் நாளே என் அடுக்கைப் பிரித்தார்.

"என்னடா இது, மூலை ஒரு பக்கம் இழுத்துக்கிட்டு நிக்குது?"

"ஒரு விரல் அளவுதானே அத்தான்."

"இன்னைக்கு ஒரு விரல், நாளைக்கு ஒரு முழம். தள்ளு."

அவரே மடித்தார். பிறகு எங்கள் பாட்டுக்காரி மடித்ததைப் பிரித்தார். வேலை முழுக்கப் பாடிக்கொண்டே இருப்பதால் அவளுக்கு அந்தப் பெயர். பிறகு மீதி ஆறு பேர் மடித்ததையும் பிரித்தார். இரண்டாம் வாரம் எங்களுக்குப் புத்தி வந்தது. எப்படியும் பிரிக்கப் போகிறார், நாம் எதற்கு மடிப்பானேன்? சுருட்டி அவர் மேஜையில் போட்டுவிட்டு உட்கார்ந்து டீ குடித்தோம். சூப்பர்வைசர் வேர்க்க விறுவிறுக்க நானூறு பெட்ஷீட்டையும் மடித்தார்.

காலை ஏழு மணிக்குப் போக வேண்டிய வண்டி ஒன்பதுக்குப் போனது. வார்டிலிருந்து ஒரு புகார் வந்தது. அடுத்த வாரம் இன்னொன்று. மேனேஜர் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்: "இன்னும் ஒரே ஒரு தடவை லேட்டாச்சுன்னா, நீங்க பழையபடி மடிக்கப் போயிடுங்க. நான் வெளியில இருந்து ஆள் போட்டுக்கிறேன்."

அத்தான் ஆடிப்போனார். அக்கா அதற்குள் அவர் சூப்பர்வைசர் ஆனதைச் சொந்தக்காரர் ஒருவரையும் விடாமல் போன் போட்டுப் பீற்றிக்கொண்டிருந்தாள். அவருக்கோ வருத்தம் வேறு. "இவ்ளோ பாடுபடறேனே, இதால யாருக்குடா என்ன பிரயோஜனம்?" என்று என்னைக் கேட்டார். எனக்கு என்ன தெரியும்? துணி கீழே வரும், மேலே போகும். அவ்வளவுதான்.

அன்று சாயங்காலம், வேலை முடிந்த பிறகும், அலமாரியில் சும்மா கிடந்த பெட்ஷீட்டுகளைப் பிரித்து மடித்துக்கொண்டிருந்தார். ஒன்றைக் குனிந்து எடுத்தவருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. நிமிர முடியவில்லை. துணி வண்டியிலேயே உட்காரவைத்து லிஃப்டில் ஏற்றி, மூன்றாம் மாடியில் படுக்கவைத்தோம். பக்கத்துக் கட்டிலில் காலில் மாவுக்கட்டோடு ஒரு லாரி டிரைவர். அடுத்து அங்கே நடந்ததை அவர்தான் பிறகு எனக்கு நடித்தே காட்டினார்.

படுத்த இடத்திலிருந்து அத்தான் எனக்கு ஐந்து நிமிஷத்துக்கு ஒரு போன். நர்ஸ் போனைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார். அந்த அம்மாவைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும்.

காலை ஆறு மணிக்கு அத்தான் சுவர்க் கடிகாரத்தையே முறைத்துக்கொண்டிருந்தார்.

"யாராவது வராங்களா சார்?" என்று டிரைவர் கேட்டார்.

"பெட்ஷீட் வரணும்."

"அட, நீங்களுமா! நானும் அதுக்குத்தான் முழிச்சுக் கிடக்கேன். முன்னெல்லாம் சுடச்சுட வரும் சார். இந்தக் கால் வலிக்கு அந்தச் சூட்டுல படுத்தாத்தான் ஒரு மணி நேரமாவது கண்ணசருவேன். இப்ப மூணு வாரமா ஜில்லுன்னு வருது. கீழ எவனோ புதுசா வந்திருக்கானாம். அவன் மட்டும் என் கையில கிடைக்கட்டும்..."

அத்தான் போர்வையை மூக்குவரை இழுத்துக்கொண்டார்.

"சாருக்கு என்ன வேலை?"

"துணி வியாபாரம்."

கீழே எங்கள் நிலைமையையும் சொல்கிறேன். வேண்டுமென்றே லேட்டாக்கி அவரைக் கவிழ்த்துவிடலாமா என்று எனக்கே ஒரு நினைப்பு வந்தது. பாட்டுக்காரிதான் அதட்டினாள்: "கழுத்தறுப்புதான், யார் இல்லேன்னா? ஆனா நம்ம கழுத்தறுப்பு. வெளியாள் வந்தா டீ குடிக்கக்கூட விடமாட்டான். கையை ஆட்டு!"

எங்கள் மடிப்பிலேயே மடித்தோம், மூலை இழுத்துக்கொண்டுதான். பிரிக்க ஆளில்லாததால் ஆறரைக்கே முடிந்தது. வார்டு ஆளுக்குக் காத்திருக்கப் பொறுமையில்லாமல் நானே வண்டியைத் தள்ளிக்கொண்டு மேலே போனேன்.

அத்தான் கண் நேராக மூலைக்குத்தான் போனது. பிரிக்க எழுந்தார். "ஐயோ, அம்மா!" என்று விழுந்தார். நர்ஸ் சூடு ஆறாத என் கோணல் பெட்ஷீட்டை எடுத்து ஒரே உதறு உதறி, டிரைவரைப் புரட்டி, அடியில் விரித்தார். என் கோணல் எங்கே? காணோம்! படுக்கை வழவழவென்று இருந்தது. இருபத்திரண்டு வருஷத்தில் நாங்கள் மடித்ததை ஒருவர் விரித்துப் படுத்து அத்தான் பார்த்ததில்லை. டிரைவர் "அப்பாடா" என்றார். இரண்டு நிமிஷத்தில் குறட்டை. அத்தான் கண் கலங்கியது. இடுப்பு வலி என்றார். நான் நம்பவில்லை.

பத்து நாளில் திரும்பி வந்தார். இப்போது மூலையைப் பார்ப்பதில்லை. காய்ச்சலா என்று குழந்தையைத் தொட்டுப் பார்ப்பதுபோல அடுக்கின்மேல் புறங்கையை வைப்பார். "சூடு இருக்கு, கிளம்பு!" தினம் எங்களில் ஒருவர் மேலே போய் ஒரு படுக்கையாவது விரித்துவிட்டு வர வேண்டும் என்பது அவர் போட்ட சட்டம். பாட்டுக்காரி அங்கேயும் பாடினாள். விரட்டிவிட்டார்கள்.

மாசக் கடைசியில் அத்தானை சூப்பர்வைசராக வைத்துக்கொள்வதா வேண்டாமா என்று முடிவுசெய்ய மேனேஜர் வந்தார். வண்டியில் மேலாக இருந்ததை எடுத்தார். போதாத காலம், அது என்னுடையது.

"என்ன இது, கோணலா? யார் மடிச்சது?"

அத்தானின் இரண்டு கையும் அந்த பெட்ஷீட்டை நோக்கிப் போனதை நான் பார்த்தேன். பாதியில் நிறுத்தி, முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய்க் கட்டிக்கொண்டார்.

"நாங்கதான் சார். மேல வந்து விரிச்சுப் பாருங்க, கோணல் எங்கேன்னு காட்டுங்க. இப்ப வழி விடுங்க, ஆறிடும்."

மேனேஜர் அவரைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார். ஆறு நாற்பது. பெட்ஷீட்டை வண்டியில் வைத்துவிட்டு ஒதுங்கி நின்றார். வேலை நிலைத்தது.

அன்று சாயங்காலம் அக்கா வீட்டுக்குப் போனேன். அலமாரி மொத்தமும் கட்டில்மேல் கிடந்தது. அத்தான் ஒவ்வொன்றாக எடுத்து மூலைக்கு மூலை மடித்துக்கொண்டிருந்தார். "இந்த மனுஷனை நீயாவது கேளேன்டா!" என்று அக்கா கத்தினாள்.

நான் ஏன் கேட்கிறேன்? அந்தக் கைகள் காலையிலிருந்து எவ்வளவு பொறுத்திருக்கின்றன என்று எனக்கல்லவா தெரியும். ஒரு துண்டைச் சுருட்டி அவர் பக்கம் போட்டேன்.