வெறும் இலைப்பொடி என்று நம்பினேன்

விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் கம்பெனியில், சூளையிலிருந்து வெந்து வரும் கப்புகளை வண்டியிலிருந்து இறக்கி அடுக்குவது என் வேலை. ஷிப்டு மாறி மாறி வந்ததில் தூக்கமே கெட்டுப்போனது. ஸ்ரீமுஷ்ணம் சந்தையில் ஒரு வைத்தியர் பச்சைப் பொடி தந்தார். "வெறும் இலைதாம்மா, ஒண்ணும் பண்ணாது" என்றார். பொட்டலத்தில் பெயர்கூட இல்லை.

தூக்கம் வந்தது. ஆனால் பகலெல்லாம் கண் சொக்கியது. தூக்கம் பத்தாததால்தான் இந்த அசதி என்று நினைத்து, அவர் சொன்ன ஒரு ஸ்பூனை இரண்டாக்கினேன்.

"என்னாக்கா, நின்னுக்கிட்டே தூங்குற? வூட்டுல மாமா தூங்க வுடலையா?" என்று கூட வேலை செய்யும் செல்வி கேலி செய்தாள்.

"வாய மூடிக்கிட்டு வேலையப் பாருடி" என்றேன்.

அடுத்த வண்டி அனலோடு வந்து நின்றது. குனிந்தது மட்டும் நினைவிருக்கிறது. செல்வி என் கொண்டையைப் பிடித்து இழுத்திராவிட்டால் முகம் கப்பு அடுக்கிய கொதிக்கிற தட்டில் விழுந்திருக்கும். முந்தானை கருகியதோடு போனது.

"இலையோட தூக்க மாத்திரையையும் அரைச்சிருப்பாங்களோன்னு சந்தேகமா இருக்குது. இந்தப் பொடியாலதான் உங்களுக்கு அசதியே" என்றார், ஆஸ்பத்திரியில் பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்த டாக்டரம்மா.

சந்தைக்குப் போய்ச் சண்டை போட்டேன். "அளவு மீறினது நீங்கதானேம்மா" என்றான் அந்த வைத்தியன். இனி அவனுக்கு மரியாதை எதற்கு?

இப்போது கசாயம் என்றாலும் டாக்டரிடம் கேட்டுத்தான் குடிக்கிறேன். தூங்காத நாளில் சூப்பர்வைசரிடம், "இன்னிக்கு வண்டிப் பக்கம் போவமாட்டேன், வேற வேலை குடுங்க" என்று சொல்லிவிடுகிறேன். அவர் முறைத்தால் முறைக்கட்டும். செல்வி கேலி செய்தால் மட்டும், வாயை மூடிக்கொள்வது நான்தான்.