மங்குஸ்தான் தோலின் சாறு

முச்சக்கர வண்டியில் அக்காவின் மடியில் அந்தப் போத்தல் இருந்தது. வெளிச்சம் பட்டால் உள்ளே இருப்பது பழுதாகிவிடும் என்று அதற்குக் கறுப்புத் தாள் சுற்றியிருந்தார். இரண்டு கைகளாலும் அதை அவர் அணைத்துப் பிடித்திருந்த விதம் இன்றும் என் கண்ணில் நிற்கிறது.

நான் அக்கா என்று அழைத்தவர், கொட்டாஞ்சேனையில் ஒரு பழரசத் தொழிற்சாலையின் ஆய்வுகூடத்தில் என்னோடு வேலை செய்த இரசாயனவியல் பட்டதாரி. யாழ்ப்பாணத்தில் பிறந்தவர், அடையாள அட்டையிலும் அப்படித்தான் இருந்தது. போர்க்காலம் அது. வெள்ளவத்தையில் ஒரு வாடகை அறை, காலையில் பஸ், மாலையில் பஸ். அதற்கு வெளியே அவருக்குக் கொழும்பு இல்லை. அறையிலிருந்து அலைச்சத்தம் கேட்கும். ஒருநாளும் கடற்கரைக்குப் போனதில்லை. "மறிச்சு விசாரிக்கச் சொல்லி நாங்களே போய் நிக்கிறதோ?" என்பார்.

மங்குஸ்தான் பருவத்தில் தொழிற்சாலை சதையை எடுத்துக்கொண்டு தடித்த தோலைக் குப்பையில் கொட்டும். அந்தத் தோலில் ஒட்சியேற்ற எதிரிகள் நிறைய இருக்கின்றன, எண்ணெய் காறாமலும் பழரசம் நிறம் மாறாமலும் காப்பவை அவை என்று அக்கா முதலாளியிடம் எடுத்துச் சொன்னார். தோலை நிழலில் உலர்த்தி, இடித்து, சுத்தமான மதுசாரத்தில் ஊறவைத்து, வடிகட்டி, மெல்லிய சூட்டில் மதுசாரத்தைப் போக்கினார். மிஞ்சியதைத் தண்ணீரில் கரைத்தால் கருஞ்சிவப்பாக ஒரு சாறு. பல தடவை பிழையாகிப்போய், பருவம் முடியும்போது ஒரு சின்னப் போத்தல்தான் தேறியது. அதன் வலிமையை அளக்கும் கருவி பம்பலப்பிட்டியில் வேறோர் ஆய்வுகூடத்தில் இருந்தது. முடிவு நன்றாக வந்தால்தான் இந்த வேலையைத் தொடரலாம் என்று முதலாளி சொல்லியிருந்தார்.

மருதானையில் சோதனைச் சாவடி. எங்களை இறங்கச் சொன்ன சிப்பாய் மிகவும் இளையவன், பல நாள் தூங்காத கண்கள். அக்காவின் அட்டையைப் பார்த்தான். கறுப்புத் தாளைப் பார்த்தான்.

"மே மொகத்த?"

இது என்ன என்று கேட்டான். பழத்தோலின் சாறு என்று நான் சிங்களத்தில் சொன்னேன். அவன் நம்பவில்லை. சற்றுப் பின்வாங்கித் துவக்கை நிமிர்த்தி, "பொன்ன" என்றான். குடித்துக் காட்டட்டாம்.

அக்கா மூடியைத் திறந்து ஒரு மிடறு குடித்தார். துவர்ப்பில் முகம் சுருங்கியது. அவன் போகலாம் என்றான். ஆனால் போத்தலை ஊற்றிவிட்டுப் போகும்படி வடிகாலைக் காட்டினான். அக்கா அந்த வடிகாலைக் கொஞ்சநேரம் பார்த்தார். பிறகு நின்ற நிலையிலேயே மிச்சம் முழுவதையும் குடித்து முடித்தார்.

வண்டியில் ஏறியதும், "ஏன் அக்கா?" என்றேன். அவருடைய பற்கள் சிவந்திருந்தன.

"காணுக்குள்ள ஊத்திறதுக்கோ நான் இவ்வளவு நாளும் பாடுபட்டனான்?" என்றவர், சற்றுப் பொறுத்து, "சீ, அப்பிடியில்லை. பயம். என்ன செய்யிறனெண்டே தெரியேல்லை" என்றார். இரண்டில் எது உண்மை என்று அவருக்கே தெரிந்திருக்குமோ என்னவோ.

முதலாளியைக் கெஞ்சி இன்னொரு பருவம் வாங்கினார். எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்கினார். இம்முறை சாற்றைத் தானே கொண்டுபோவதாகச் சொன்னவர் எங்களோடு வேலை செய்த சிங்கள நண்பர். காற்சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு புறப்பட்டவர், மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னரே திரும்பிவிட்டார். நாங்கள் எதிர்பார்த்ததைவிட முடிவு நன்றாக இருந்தது. நான் கைதட்டினேன். அவர் வாயெல்லாம் சிரிப்பாக அக்காவிடம் தாளை நீட்டினார்.

அக்கா அதை வாங்கவில்லை. நண்பருடைய முகத்தையே பார்த்தபடி, தமிழில் கேட்டார்:

"உங்களை ஒருத்தரும் மறிக்கேல்லையோ?"

நண்பருக்குத் தமிழ் தெரியாது. என்ன கேட்கிறார் என்று என் பக்கம் திரும்பினார். நான் சொல்லவில்லை.