பகலில் தூங்குகிறவருக்கு ஒரு வீடு

பேக்கரிக்காரர் வீடு பார்க்கும் அழகைக் கண்டு தரகர்கள் பாதிப்பேர் ஓடியே போய்விட்டார்கள். தண்ணீர் வருமா, காற்று வருமா என்றெல்லாம் கேட்கமாட்டார். பட்டப்பகலில் வந்து, காலி அறையில் போர்வையை விரித்துப் படுத்துவிடுவார். தூக்கம் வந்தால் வீடு தேறியது. அதுதான் வரவில்லை.

ராத்திரி முழுக்க ரொட்டி சுடுகிறவருக்குப் பகலில்தானே தூக்கம்? அதனால் அவர் மனைவி பட்டபாடு கொஞ்சநஞ்சமல்ல. கல்யாணமான நாளிலிருந்து பகலில் பூனை நடைதான். சிரிப்பு வந்தால் வாயைப் பொத்திக்கொள்வாள். நல்ல தையற்காரி, ஆனால் தையல் மிஷின் மூலையில் துணி போர்த்திக்கொண்டு கிடந்தது. பகலில் ஓட்டினால் புருஷன் விழித்துக்கொள்வார், இரவில் ஓட்டினால் அக்கம்பக்கத்தார் சண்டைக்கு வருவார்கள். கையால் காஜா எடுத்தும் பட்டன் தைத்துமே காலத்தை ஓட்டினாள். இவ்வளவு செய்தும் அவருக்கு என்றும் அரைத்தூக்கம்தான். அவர் புரளப் புரள, இவள் இன்னும் அடங்கினாள்.

இப்போது வாடகை வீட்டின் சொந்தக்காரர் அதைத் தன் மகளுக்குக் கேட்டுவிட்டார். போகிற இடத்திலாவது, கதவைச் சாத்திக்கொண்டு மிஷின் ஓட்டத் தள்ளினாற்போல ஓர் அறை கிடைக்காதா என்று அவளுக்கு ஆசை.

முதலில் மேட்டுப் பகுதி. மரம், மதில், பெரிய மனிதர்கள். இலை விழுந்தால் கேட்கும். பேக்கரிக்காரர் கொட்டக் கொட்ட விழித்திருந்தார். அடுத்து ஆற்றங்கரை அடுக்குமாடி. அங்கே கொஞ்சம் கண்ணயர்ந்து, தூக்கிவாரிப் போட்டு எழுந்து உட்கார்ந்தார். ஆஸ்பத்திரிக்குப் பின்னால் ஹாரன் அடிக்கவே கூடாத தெருவிலும் அதே கதை. அவர் முகம் வாடிப்போவதை அவளால் பார்க்க முடியவில்லை.

"எனக்குன்னு தனி அறையெல்லாம் வேண்டாங்க. மிஷினை யாருக்காவது குடுத்துடலாம். உங்களுக்குத் தூக்கம் வந்தாப் போதும்" என்றாள்.

தரகர் அடுத்துக் காட்டவிருந்த வீட்டின் சாவியை வாங்க அச்சகத் தெருவுக்கு அழைத்துப் போனார். கீழே அச்சகம், மேலே காலி வீடு. இயந்திரம் தடதடவென்று ஓட, தரை லேசாக அதிர்ந்தது.

"இது உங்களுக்குச் சரிப்படாது. சாவியை வாங்கிட்டுப் போயிடலாம். மேல ஃபேன் இருக்கு, கொஞ்சம் உட்காருங்க" என்று தரகர் கீழேயே நின்றுவிட்டார்.

பேக்கரிக்காரர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். அவள் சமையலறையை எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்புவதற்குள் குறட்டை! சாவியோடு ஏறி வந்த தரகர் வாயைப் பிளந்தார். கீழே சாப்பாட்டுக்காக இயந்திரத்தை நிறுத்தினார்கள். அடுத்த நொடி மனுஷன் அலறியடித்து எழுந்தார்.

"மிஷின் நின்னுடுச்சு! மாவு போச்சு!"

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. பேக்கரியில் மாவு பிசையும் மிஷின் விடிய விடிய ஓடும். நடுவில் நின்றால் மொத்த மாவும் பாழ். சத்தம் நின்றால் பதறுவது அவர் உடம்பிலேயே ஊறிப்போயிருந்தது. இத்தனை வருஷமாகத் தான் பார்த்துப் பார்த்துக் காத்த அமைதிதான் அவரை எழுப்பியிருக்கிறது! கோபமும் சிரிப்பும் முட்டிக்கொண்டு வந்தன. சிரிப்புதான் ஜெயித்தது. இந்தமுறை வாயைப் பொத்தவில்லை.

அந்த வீட்டுக்கே குடிவந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை அச்சகத்துக்கு விடுமுறை. வேலை முடிந்து வந்து படுத்தவர் புரண்டு புரண்டு பார்த்தார். பிறகு எழுந்து, மூலையில் கிடந்த தையல் மிஷினைத் தானே இழுத்துவந்து கட்டிலுக்குப் பக்கத்தில் போட்டார்.

"ஓட்டும்மா" என்றார்.

அவள் ஜன்னல் திரைகளைத் தைக்க ஆரம்பித்தாள். முதல் திரை முடிவதற்குள் அவர் அசந்து தூங்கிப்போனார். வயிறு குளிர்ந்தது அவளுக்கு. வாய்விட்டுப் பாடிக்கொண்டே மிதித்தாள். மூன்றாவது திரையின் நடுவில் மிஷின் நின்றது.

அவர் ஒற்றைக் கண்ணைத் திறந்தார்.

"ஏன் நிறுத்திட்டே?"

"நூல் தீந்துடுச்சுங்க."

"சீக்கிரம் வேற நூல் போடு" என்று கெஞ்சினார்.