முன்னால் ஓர் ஒன்று

“மறுபடியும் அதையேதான் சொல்லுது. உங்களிடம் இருப்பதே புதியதுன்னு. நீ அனுப்புற புதுசு எங்கதான் போகுது?”

தொலைபேசியில் அண்ணி. மருந்துக் கடையில் லேபிள் அடிக்கும் மேசையில் நிற்பவள். அரை மாத்திரை என்று வர வேண்டிய இடத்தில் ஐந்து மாத்திரை என்று அடிப்பதைக் காலையில் கண்டுபிடித்தது அவள்தான். 0.5-இல் முன்பகுதி காணாமல் போகிறது.

“இதய மாத்திரைடி. நான் பார்த்தேன். மத்த கடையில யார் பார்க்கிறாங்க?”

“கையால எழுதுங்க அண்ணி.”

“என் கையெழுத்து உங்க அண்ணனுக்கே புரியாது.”

நாற்பது கடைகளுக்கு மென்பொருள் கட்டி அனுப்புவது இவள் வேலை. அலுவலகத்தில் இவளைப் பொட்டலம் என்பார்கள். கடைகளில் இருந்தது 4.1. திருத்திய பதிப்பு 4.2. முப்பத்தொரு கடைகள் ஏற்றுக்கொண்டன, ஒன்பது மறுத்தன. எல்லாவற்றுக்கும் போனது ஒரே கோப்பு. அண்ணியின் இயந்திரத்துக்கு மட்டும் 4.3 என்று பெயர் மாற்றி அனுப்பினாள். மறுத்தது. 4.9. மறுத்தது. ஒன்றைவிட ஒன்பது பெரியதுதானா என்று விரல்விட்டு எண்ணிப் பார்த்தாள்.

“பொட்டலம், கயிறு அவிழ்ந்துடுச்சா?” என்றார் மேலாளர்.

“அண்ணி, திரையில கீழ என்ன எண் இருக்கு?”

“இருபத்து மூணு புள்ளி பதினொண்ணு.”

“நாலு புள்ளி ஒண்ணு இல்லையா?”

“என் கண்ணு நல்லாத்தான் இருக்கு.”

வெகுநேரம் அந்த எண்ணுக்குத் தலையும் தெரியவில்லை, வாலும் தெரியவில்லை. பிறகு நாட்காட்டி கண்ணில் பட்டது. போன ஆண்டு நவம்பர் இருபத்து மூன்று. மகப்பேறு விடுப்பில் போவதற்கு முந்தைய நாள். ஒன்பது கடைகளுக்குச் சோதனைப் பொட்டலம் ஒன்றை அவசரமாக அனுப்பியிருந்தாள். பதிப்பு எண் கேட்ட இடத்தில் அன்றைய தேதியைப் போட்டிருந்தாள், 23.11 என்று. இயந்திரத்துக்குத் தேதி தெரியாது. இடதுபக்க எண்ணை முதலில் பார்க்கும். நான்கைவிட இருபத்து மூன்று பெரியது.

“யார் பார்த்த வேலை?” என்றார் மேலாளர், அவள் சொன்னதைக் கேட்டதும்.

“நான்தான் சார்.”

“சரி, இருபத்து நாலுன்னு போட்டு அனுப்பு.”

“நடுவுல பத்தொம்பது பதிப்பு எங்கேன்னு கேட்பாங்க. முன்னாடி ஒரு ஒண்ணும் இரட்டைப் புள்ளியும் போடலாம். 1:4.2. இயந்திரம் அந்த ஒண்ணைத்தான் முதல்ல பார்க்கும். அது இல்லாத பதிப்பெல்லாம், இருபத்து மூணும்கூட, அதுக்குப் பூஜ்யம். ஆனா போட்டா எடுக்க முடியாது சார். எடுத்தா அடுத்தது பழசாயிடும்.”

“எத்தனை நாளைக்கு?”

“எப்பவுமே.”

“அப்ப உன் தப்பு எல்லாப் பதிப்புக்கும் முன்னாடி நிக்கும்.”

“ஆமா சார்.”

அவருக்குப் புரிந்ததா என்று தெரியவில்லை. தனக்குப் புரிந்ததா என்றும் தெரியவில்லை. தொலைபேசியில் அண்ணி இன்னும் இருந்தாள். “அரைன்னு எழுத்துல எழுதட்டுமா, எண்ணுல எழுதட்டுமா?”

4.2-க்கு முன்னால் ஒன்றைத் தட்டினாள்.

மறுநாள் ஒன்பதரைக்கு வந்தாள். நாற்பது கடைகளிலும் 1:4.2 இருந்தது. முன்னால் இருக்கும் ஒன்று எதற்கு என்று ஒரு கடைக்காரர் கேட்டு எழுதியிருந்தார். அது அப்படியே இருக்கும் என்று பதில் எழுதினாள். மதியம் சாப்பிட்டாள். பிறகு 1:4.3-க்கான கோப்பைத் திறந்தாள்.